உங்களுக்குத் தெரியுமா? நைல் வெள்ளமும் முழக்கோலும்

மழை அபூர்வமான புராதன எகிப்து தேசத்தில், எத்தியோப்பிய மலைகளில் பெய்த கோடை மழையால் நைல் நதி கரைபுரளும் காலத்தில், அவ்வெள்ளத்தைக் கரைகட்டிய பெரும் வயற்பரப்புகளில் ஒரு மாதத்திற்கும் மேலாகத் தேக்கி, வண்டல் படிந்தபின் வடித்து விதைப்பதே உழவர்களின் சம்பிரதாயம்.

அஸ்வானுக்கு அருகிலுள்ள எலிபண்டைன் தீவில், நதிக்குள் இறங்கும் படிக்கட்டின் சுவரில் சுமார் 52 சென்டிமீட்டர் கொண்ட முழக்கணக்கில் கோடுகள் செதுக்கி வெள்ளத்தின் உயரத்தை அளந்த அதிகாரிகள், அதைக் கொண்டே விளைச்சலை அனுமானித்து வரியை நிர்ணயித்தனர். 12 முழம் ஏறினால் பஞ்சம், 16 முழம் ஏறினால் ஆனந்தம் என்பது 1-ஆம் நூற்றாண்டு ரோமானிய ஆசிரியர் பிளினி தரும் கணக்கு.

வெள்ளம் எட்டாத மேட்டுத் தோட்டங்களுக்கோ, ஒரு முனையில் வாளியும் மறுமுனையில் களிமண் பாரமும் கொண்ட ஏற்றத்தால் நீரிறைத்தனர்.