தம் கட்டும் முன்: ஜிம்மில் உங்கள் உடலும் உரிமையும்

2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் இறந்தார். அன்று காலை உடற்பயிற்சி செய்தவருக்கு நெஞ்சில் ஏதோ சங்கடம், மருத்துவரைப் பார்க்கப் போனார் என்ற செய்தி பரவியதும் பெங்களூரு இதய மருத்துவமனைகளில் பரிசோதனைக்குக் கூட்டம் கூடியது. "ஜிம்முக்குப் போனாலே ஆபத்து" என்று சிலர் வீட்டோடு நின்றுவிட்டார்கள். "வருவது வரட்டும்" என்று சிலர் மறுநாளே பழைய எடையைத் தூக்கினார்கள். இரண்டுமே சரியான பாடமல்ல.

மாரடைப்பு வந்தவர்களிடம் நடத்திய ஓர் அமெரிக்க ஆய்வு 1993-இல் வெளியானது. சும்மா இருக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால், கடும் உழைப்புக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, வாரத்தில் ஐந்து நாளாவது உழைத்துப் பழகியவர்களுக்கு 2.4 மடங்கு இருந்தது. பழக்கமே இல்லாதவர்களுக்கு அது 107 மடங்கு. அந்த ஒரு மணி நேரத்துக்கான ஆபத்து எண்ணிக்கையில் மிகச் சிறியதுதான். ஆனாலும் செய்தி தெளிவு: படிப்படியாகப் பழகிய உடலுக்கு உடற்பயிற்சி காவல், பழகாத உடலைத் திடீரென்று விரட்டுவதில்தான் வினை இருக்கிறது.

பழகாத உடலைப் பழக்குவது யார் வேலை? நாம் காசு கொடுத்துச் சேரும் ஜிம் மாஸ்டரின் வேலை. அதைச் செய்ய அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் என்ன ஆகும், நட்டம் வந்தால் எங்கே போவது என்பதைச் சேருபவரும் சேர்ப்பவரும் அறிந்துகொள்வது நல்லது.

யார் வேண்டுமானாலும் மாஸ்டரா?

மருத்துவரும் வழக்கறிஞரும் பதிவு பெற்றால்தான் தொழில் செய்யலாம். ஜிம் பயிற்சியாளருக்கு அப்படியொரு சட்டம் இந்தியாவில் இல்லை. பிசியோதெரபி, உணவியல் துறையினரை 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே "முட்டி வலிக்கு நானே சிகிச்சை தருகிறேன்", "சுகருக்கு டயட் சார்ட் போட்டுத் தருகிறேன்" என்று மாஸ்டர் சொன்னால், அவர் தன் எல்லையைத் தாண்டுகிறார் என்று கொள்ளலாம்.

திறன் மேம்பாட்டுத் திட்டங்களின் கீழ் விளையாட்டு, உடற்கல்வி, உடற்தகுதித் துறைக்கான திறன் கவுன்சில் பயிற்சியாளர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. ஏ.சி.எஸ்.எம்., ஏ.சி.இ., என்.எஸ்.சி.ஏ. போன்ற அமெரிக்க அமைப்புகளின் சான்றிதழ்களும் இங்கே புழக்கத்தில் உள்ளன. சான்றிதழ் என்ன, எப்போது புதுப்பித்தது, முதலுதவிப் பயிற்சி உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. சுவரில் தொங்கும் கோப்பையும் மாஸ்டரின் புஜமும் அவர் தன் உடம்பைப் பற்றி அறிந்ததைத்தான் காட்டும். உங்கள் உடம்பைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்பது அவர் கேட்கும் கேள்விகளில் தெரிந்துவிடும்.

சேரும் அன்று கேட்க வேண்டியவை

கனடாவில் உருவாகி உலகெங்கும் பயன்படும் ஒரு பக்கக் கேள்வித்தாள் ஒன்று உண்டு, 'பார்-க்யூ' என்பார்கள். இதய நோயோ உயர் ரத்த அழுத்தமோ உண்டா? ஓய்விலோ உழைப்பிலோ நெஞ்சு வலித்ததா? தலைசுற்றல், மயக்கம் வந்ததா? வேறு நாள்பட்ட நோய் உண்டா? தினசரி மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எலும்பு, மூட்டு, தசையில் பிரச்சினை உண்டா? மருத்துவ மேற்பார்வையில்தான் பயிற்சி செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னார்களா? சாரம் இவ்வளவுதான். ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் மேலும் விசாரிக்க வேண்டும். தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இவற்றோடு, குடும்பத்தில் சிறு வயதிலேயே மாரடைப்பால் இறந்தவர் உண்டா என்றும் கேட்பது நம் ஊருக்கு அவசியம். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்று பன்னாட்டு ஆய்வு காட்டியிருக்கிறது.

எல்லோரும் இதய நிபுணரைப் பார்த்துவிட்டுத்தான் ஜிம்முக்கு வர வேண்டும் என்பதில்லை. ஏ.சி.எஸ்.எம். 2015-இல் தன் வழிகாட்டுதலை எளிமையாக்கியது. இப்போது உழைத்துப் பழக்கம் உண்டா, இதயம், சர்க்கரை, சிறுநீரகம் சார்ந்த நோயோ அறிகுறியோ உண்டா, எவ்வளவு கடுமையாகச் செய்யப் போகிறார் ஆகிய மூன்றையும் வைத்து முடிவெடுக்கச் சொன்னது. அறிகுறியும் நோயும் இல்லாதவர் மெதுவாகத் தொடங்கலாம்.

நோய் இருப்பதே தெரியாதவர்கள் நம்மிடையே ஏராளம். சென்னையைத் தளமாகக் கொண்டு நடந்து 2023-இல் முடிவு வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும், பெரியவர்களில் 35.5 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம் என்றும் கணக்கிட்டது. பி.பி. கருவி இல்லாத ஜிம்மில் லட்ச ரூபாய் ட்ரெட்மில் இருந்து என்ன பயன்?

மூச்சு, மாத்திரை, சர்க்கரை

எடை கூடும்போது தம் கட்டித் தூக்குவது இயல்பு. மூச்சை அடக்கி முக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, ரத்த அழுத்தமும் கூடவே தாவுகிறது. பயிற்சி பெற்ற இளைஞர்களின் தமனிக்குள் கருவி வைத்து 1985-இல் அளந்தபோது, இரண்டு காலாலும் லெக் பிரஸ் செய்கையில் உச்ச அழுத்தம் சராசரியாக 320/250 வரை போனது. ஆரோக்கியமான இளைஞர் அதைத் தாங்குவார். கட்டுப்படாத பி.பி. உள்ளவருக்கும், சர்க்கரையால் விழித்திரை பாதித்தவருக்கும் அது ரத்தக் குழாய் வெடிக்கும் விளையாட்டு. தூக்கும்போது மூச்சை விடு, இறக்கும்போது இழு என்பதைத்தான் முதல் நாள் பாடமாகச் சொல்லித் தர வேண்டும்.

220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவது உச்ச இதயத் துடிப்பு என்ற கணக்கு எல்லா ஜிம் சுவரிலும் இருக்கும். அது சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடவோ குறையவோ செய்வது சாதாரணம். பி.பி.க்காக பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவருக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. "இன்னும் 140 வரல, வேகமா ஓடுங்க" என்று அவரை விரட்டுவது அறியாமை. பேசிப் பார்ப்பது நம்பகமான வழி: முழு வாக்கியம் பேச முடிந்தால் மிதமான உழைப்பு, இரண்டு வார்த்தைக்கே மூச்சு வாங்கினால் கடும் உழைப்பு.

இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரையோ எடுப்பவர், சர்க்கரை 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் கொஞ்சம் மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டே தொடங்க வேண்டும். பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்து, நடு இரவில்கூட சர்க்கரை இறங்கலாம். கை நடுக்கம், குளிர் வியர்வை, குழறல் வந்தால் அது சோம்பல் அல்ல. உடனே சர்க்கரையோ பழச்சாறோ கொடுக்க வேண்டும்.

"வலிச்சாதான் ஏறும்"

புதிதாகச் செய்த பயிற்சிக்கு ஒன்று முதல் மூன்று நாள் வரை தசை வலிப்பது வழக்கம். கை கால் வீங்கி, மடக்கவே முடியாமல், சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் அது வேறு கதை. தசை உடைந்து அதன் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது; மருத்துவர்கள் ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். முதல் வாரத்திலேயே நூறு ஸ்குவாட், இருநூறு தண்டால் என்று சவால் விடும் இடங்களில் இது நேர்கிறது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு மறுநாளும் வருவது சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தகரக் கூரையின் கீழே, காற்றே வராத அறையில், மே மாதத்தில் நடக்கும் பயிற்சிக்கும் கணக்கு வேண்டும். வெயிலுக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, ஆள் உளறத் தொடங்கினால் அது வெப்பத் தாக்கு. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் குளிர்ந்த நீரால் உடலைக் குளிர்விக்க வேண்டும். எடை குறைக்க பிளாஸ்டிக் உடை மாட்டிக்கொண்டு ஓடச் சொல்பவரிடம் இதைச் சொல்லுங்கள்: 1997-இன் இறுதியில் ஐந்தே வாரத்துக்குள் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர், இப்படி வியர்வை வடித்து எடை குறைக்கப் போய் இறந்தார்கள். அதன் பிறகு அங்குள்ள கல்லூரி விளையாட்டு அமைப்பு அந்த உடையையே தடை செய்தது. வியர்வையில் போவது தண்ணீர், கொழுப்பு போவதில்லை.

பவுடரும் ஊசியும்

புரதப் பவுடர் உணவுப் பொருள். டப்பாவில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, உள்ளடக்கப் பட்டியல் இருக்க வேண்டும்; பில் தர வேண்டும். லேபிள் இல்லாத பொட்டலத்தில் மாஸ்டர் தருவது எதுவானாலும் வேண்டாம்.

ஊசி விவகாரம் இன்னும் கொடியது. டெஸ்டோஸ்டிரோன், நாண்ட்ரோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். இதயத் தசை தடிப்பது, கொழுப்பின் சமநிலை கெடுவது, ஆண்களுக்கு விந்தணு உற்பத்தி முடங்குவது எல்லாம் அறியப்பட்ட விளைவுகள். அறுவை அரங்கில் இறங்கிய ரத்த அழுத்தத்தை ஏற்றப் பயன்படும் மெபென்டர்மைன் ஊசியைச் சில ஜிம்களில் 'பம்ப்' வருவதற்காகப் போட்டுக்கொள்கிறார்கள். துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். ஊசி விற்கும் மாஸ்டர் மருந்துச் சட்டத்தை மீறுகிறார்; மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் செய்யலாம்.

ஆள் சரிந்து விழுந்தால்

தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் இதயம் நின்றதாகவே எண்ணுங்கள். ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது. 2021 யூரோ கோப்பையில் மைதானத்திலேயே இதயம் நின்ற டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் உடனடி நெஞ்சழுத்தத்தாலும் மின்அதிர்ச்சிக் கருவியாலும் பிழைத்து, மீண்டும் ஆட வந்தார். அந்தக் கருவி இங்கே இருக்கிறதா, இயக்கத் தெரிந்தவர் எந்நேரமும் இருப்பாரா என்பது சேரும்போதே கேட்க வேண்டிய கேள்வி.

சட்டம் தரும் வழிகள்

கட்டணம் செலுத்தியதுமே நீங்கள் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோர். கவனக்குறைவால் காயம் ஏற்படுத்துவது சேவைக் குறைபாடு. "காயத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற தாளில் கையெழுத்திட்டிருந்தாலும் அதுவே நிர்வாகத்தின் கவனக்குறைவைக் கழுவிவிடாது. ஒரு பக்கமாகச் சாய்ந்த ஒப்பந்தங்களைக் கேள்வி கேட்கவும் இந்தச் சட்டத்தில் இடமுண்டு. ஓராண்டுப் பணம் வாங்கிக்கொண்டு மூன்றே மாதத்தில் ஜிம்மை மூடினாலும், சொன்ன வசதியைத் தராவிட்டாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும்; செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை; வழக்கறிஞர் இல்லாமலும் வாதிடலாம். ரசீது, உறுப்பினர் படிவம், வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் படம், மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். கவனக்குறைவால் உயிரே போயிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின் கீழ்க் காவல் நிலையத்தில் புகார் தரலாம்.

பெண்களுக்கு இன்னொன்று. நிலையைத் திருத்துவதற்காகத் தொடும் முன் மாஸ்டர் அனுமதி கேட்க வேண்டும். கேட்காமல் வீடியோ எடுத்து விளம்பரத்தில் போடக் கூடாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், அங்கே வேலை பார்க்காத பெண்ணுக்கும் புகார் உரிமை தருகிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் ஜிம் என்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். உடனடி உதவிக்கு 181.

மாஸ்டர்களுக்கு

நெஞ்சு வலி என்றவரை "வாயுவா இருக்கும்" என்று தேற்றாமல் அனுப்பிவையுங்கள். படிவத்தை நிரப்பி வாங்கிக் கோப்பில் வையுங்கள், பி.பி. அளந்து குறித்துக்கொள்ளுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சழுத்தப் பயிற்சியைப் புதுப்பியுங்கள். வழக்கு வந்தால் உங்களைக் காப்பதும் அந்தக் கோப்புதான். உறுப்பினர் கோபித்துக்கொண்டு வேறு ஜிம்முக்குப் போனாலும் பரவாயில்லை. "இன்னிக்கு வேணாம் சார், டாக்டரைப் பார்த்துட்டு வாங்க" என்று சொல்லத் தெரிந்தவரிடம்தான் ஊர் நம்பி ஆள் அனுப்பும்.