மனச்சோர்வு நீக்கி நிறுத்தக் கூட்டறிகுறி

மனச்சோர்வு நீக்கி நிறுத்தக் கூட்டறிகுறி என்பது மனச்சோர்வுக்கோ பதற்றக் கோளாறுக்கோ பல வாரங்கள் தொடர்ந்து எடுத்த மாத்திரையைத் திடீரென நிறுத்துவதாலும், அளவை வேகமாகக் குறைப்பதாலும் தோன்றும் உடல், மன அறிகுறிகளின் தொகுப்பாகும். இமிப்ரமின் என்ற தொடக்ககால மருந்தின் பயனை சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன் 1957இல் வெளியிட்டார். அதை நிறுத்தியவர்கள் பட்ட தொல்லைகள் 1959இலேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்டன.

அறிகுறிகள்

பெரும்பாலும் நிறுத்திய சில நாட்களுக்குள் தலைசுற்றல், குமட்டல், வியர்வை, காய்ச்சலுக்கு முன் வருவது போன்ற உடல்வலி, தூக்கமின்மை, கெட்ட கனவுகள், எரிச்சல், காரணமற்ற அழுகை ஆகியவை வரலாம். கண்ணைத் திருப்பும்போது தலைக்குள் மின்சாரம் சுருக்கென்று பாய்வது போன்ற உணர்வும் சிலருக்கு உண்டு. வேறு நோய்களில் இது அரிது என்பதால் மருத்துவருக்கு இது நல்ல துப்பு. பலருக்கு இரண்டு மூன்று வாரங்களில் அடங்கிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் நீள்கிறது.

2024இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியான தொகுப்பாய்வின்படி, மருந்தை நிறுத்தியவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் தோன்றின. மருந்தில்லாத வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 விழுக்காட்டினர் அவற்றை உணர்ந்தனர்.

காரணம்

மூளை நரம்புகள் செரட்டோனின் மிகுதிக்குப் பழகியபின் மருந்து சட்டென்று விலகுவதே காரணம் எனக் கருதப்படுகிறது. உடலை விட்டு விரைவில் வெளியேறும் பராக்சிடின், வென்லாபாக்சின் ஆகியவற்றில் தொல்லை அதிகம்; வாரக்கணக்கில் தங்கும் ஃப்ளூவாக்சிடினில் குறைவு. இது போதைப்பழக்கம் அன்று: மருந்துக்கு ஏங்குவதோ அளவைக் கூட்டிக்கொண்டே போவதோ இதில் இல்லை.

நோய் மீண்டதா?

பெரிய குழப்பம் இங்குதான். நிறுத்த அறிகுறியை நோய் திரும்பியதாக எண்ணி, தேவையற்ற மருந்தை ஆண்டுக்கணக்கில் தொடர்பவர்கள் உண்டு. நோய் மீள்வதற்குப் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் ஆகும். தலைசுற்றல், மின்னதிர்வு போன்றவை அதில் வழக்கமில்லை. மாத்திரையை மீண்டும் தொடங்கினால் நிறுத்த அறிகுறிகள் ஓரிரு நாட்களில் தணியும். நோய் தணிய வாரங்களாகும்.

நிறுத்தும் முறை

மருந்து நிற்பது எப்போதும் முடிவெடுத்து அல்ல. இந்தியாவில் இவை மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்துகள். சீட்டு தொலைந்தாலோ ஊருக்குப் போன இடத்தில் அட்டை தீர்ந்தாலோ இடைவெளி விழுகிறது. மதுரை பழங்காநத்தத்தில் இருப்பவர் வைகையைக் கடந்து கோரிப்பாளையம் அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். போகமுடியாத நிலையில் 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் தமிழில் பேசலாம். தற்கொலை எண்ணம் தலைதூக்கினால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அளவைப் படிப்படியாகக் குறைப்பதே முறை. கடைசிக் கட்டம்தான் கடினம்: சிறிய அளவு மருந்தே மூளையில் பெரும்பங்கு வேலையைச் செய்வதால், பாதி மாத்திரையிலிருந்து ஒன்றுமில்லாமைக்கு இறங்குவது, ஒன்றிலிருந்து பாதிக்கு இறங்குவதைவிடப் பெரிய சரிவு. ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் கைவைத்தியம் விரைவில் வெளியேறும் மருந்துகளுக்கு ஒத்துவராது. இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி இறங்கி, அறிகுறிகளையே வரவழைக்கும்.