தெரிந்த வரியில் ஒளியும் பிழை

1631-இல் லண்டனின் அரச அச்சகத்தாரான ராபர்ட் பார்க்கரும் மார்ட்டின் லூகாஸும் வெளியிட்ட விவிலியத்தில், மூன்றே எழுத்துள்ள ஆங்கிலச் சொல் ஒன்று விட்டுப்போயிற்று. பத்துக் கட்டளைகளில் விபசாரம் கூடாது என்பதிலுள்ள ‘கூடாது’ அது. தடை, அனுமதியைத் தாண்டி ஆணையாகவே மாறிவிட்டது! அச்சகத்தாருக்கு 300 பவுண்டு அபராதம்.

அன்றைய லண்டனில் பலருக்கும் மனப்பாடமான வாசகம் அது. பிழைக்கு அதைவிட நல்ல மறைவிடம் கிடையாது என்பேன்.

வாசிக்கும்போது கண் வரியின் மேல் சீராக நகர்வதில்லை. தாவித் தாவிச் செல்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறக்குறைய கால் நொடி. விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழியில் விழுவது மட்டுமே துல்லியமாகத் தெரியும். நீட்டிய கையின் கட்டைவிரல் அகலம்தான் அதன் எல்லை. மற்றதெல்லாம் மங்கல். அந்த மங்கலை மூளை தன் அனுபவத்தால் நிரப்பிக்கொள்கிறது. எதிர்பார்த்த சின்னச் சொற்களில் கண் பெரும்பாலும் நிற்பதே இல்லை. 1897-இல் அமெரிக்க உளவியலாளர் பில்ஸ்பரி, எழுத்து மாறிய, விடுபட்ட சொற்களைக் கணநேரம் காட்டிச் சோதித்தார். பார்த்தவர்கள் பலமுறை பிழையைக் கவனிக்காமல் சரியான சொல்லையே வாசித்தார்கள்.

இப்படி நிரப்பிக்கொள்ளும் திறமை மூளைக்கு இல்லாவிட்டால் நம் ஓலைச்சுவடிகளை வாசித்திருக்கவே முடியாது. அவற்றில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். மொழியறிவுதான் புள்ளி வைத்து வாசித்தது. உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் அந்த அறிவை மட்டும் நம்பிவிடாமல் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தீர்மானித்தார்கள். அந்தப் பொறுமையை எத்தனை வணங்கினாலும் தகும்.

சொந்த எழுத்தில் நிலைமை இன்னும் மோசம். சொல்ல வந்தது முழுதாக மனத்தில் இருப்பதால், தாளில் இல்லாத ஒற்றும் இருப்பதாகவே தோன்றும். எழுதியவுடன் பார்ப்பதைவிட, ஓர் இரவு கழித்துப் பார்ப்பது மேல். எழுத்துருவையும் வரியகலத்தையும் மாற்றினால் பழகிய பக்கம் புதிதாகும். வாய்விட்டு வாசித்தால் கண்ணின் தாவல் குறையும். பழைய அச்சகங்களில் ஒருவர் மூலப்படியை உரக்க வாசிக்க, இன்னொருவர் மெய்ப்பைப் பார்த்துத் திருத்துவார்.

எண்களுக்கு இதெல்லாம் போதாது. 1897 என்பது 1879 ஆனாலும் வாக்கியம் காதில் உறுத்தாது. ஒவ்வோர் இலக்கமாக மூலத்தோடு ஒப்பிட்டே தீரவேண்டும்.