டெர்மினல்ல ஓடுது... மெனுல ஓடலையா? லினக்ஸ் ஆப்இமேஜுக்கு ஒரு வரி வைத்தியம்!

திருவையாறு பக்கம் டிசைன் கடை வெச்சிருக்கற நண்பர் தை மாசம் போன் பண்ணினார். முகூர்த்த சீசன், நாலு கல்யாணப் பத்திரிகை பாக்கி. உபுண்டு 22.04 போட்ட கம்ப்யூட்டரில் இங்க்ஸ்கேப் ஆப்இமேஜை டவுன்லோடு செய்திருக்கிறார். "டெர்மினல்ல ஓடுது, மெனுல க்ளிக் பண்ணா ஒண்ணுமே நடக்கல. என்னங்க கூத்து இது?" என்றார்.

லினக்ஸ் நமக்குப் புதுசு இல்லை. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நம் பிள்ளைகள் கைக்கு வந்தது. ஆனால், 'சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்றது கஷ்டம்' என்ற பயத்திலேயே பலர் விண்டோஸ் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள்.

அந்தப் பயத்துக்கு ஒரு பதில்தான் ஆப்இமேஜ். மொத்த சாஃப்ட்வேரும் ஒரே ஃபைல். இன்ஸ்டால் வேண்டாம், அட்மின் பாஸ்வேர்டும் வேண்டாம். ரைட் க்ளிக் செய்து, ப்ராபர்ட்டீஸில் 'புரோகிராமாக இயங்கலாம்' என்ற அனுமதியைக் கொடுத்தால் போதும்.

அப்புறம் ஏன் ஓடலை?

பல ஆப்இமேஜ்களுக்கு 'ஃபியூஸ் 2' என்ற லைப்ரரி தேவை. உபுண்டு 22.04-லிருந்து அது கூடவே வருவதில்லை. அது இல்லாமலே ஓட்ட ஒரு வழி, என்விரான்மென்ட் வேரியபிள். அதாவது, சாஃப்ட்வேர் கிளம்பும்போது நாம் காதில் போட்டு அனுப்பும் தகவல். இங்கே அதன் பெயர் 'ஆப்இமேஜ் எக்ஸ்ட்ராக்ட் அண்ட் ரன்'. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், இடைவெளிக்குப் பதில் அண்டர்ஸ்கோர் போட்டு எழுதி, மதிப்பு 1 என்று கொடுக்க வேண்டும்.

நண்பர் இதை டெர்மினல் படிக்கும் 'பேஷ்ஆர்சி' ஃபைலில் எழுதியிருந்தார். மெனு அந்த ஃபைலைப் படிக்காது. தஞ்சாவூர்க்காரங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, வெண்ணாத்துல திறந்த தண்ணி புது ஆத்துக்கு வராதுல்ல... அதேதான்!

சரி பண்றது எப்படி?

* ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல் + ஹெச் அழுத்தினால் மறைந்திருக்கும் 'லோக்கல்' தெரியும். அதற்குள் 'ஷேர்', அதற்குள் 'அப்ளிகேஷன்ஸ்'. அங்கே 'டாட் டெஸ்க்டாப்' என்று முடியும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலை உருவாக்குங்கள்.

* முதல் வரி, சதுர அடைப்புக்குறிக்குள் 'டெஸ்க்டாப் என்ட்ரி'. அடுத்து 'டைப்' ஈக்வல் 'அப்ளிகேஷன்'. அதற்கடுத்து 'நேம்' ஈக்வல் நீங்கள் விரும்பும் பெயர்.

* கடைசியாக 'எக்ஸெக்' ஈக்வல். இதுதான் முக்கியமான வரி. முதலில் இ, என், வி என்ற மூன்று சிறிய எழுத்துகள், பிறகு அந்த வேரியபிள் ஈக்வல் 1, பிறகு ஆப்இமேஜின் முழு முகவரி. மூன்றுக்கும் நடுவே ஒரு ஸ்பேஸ் விடுங்கள்.

முகவரியில் 'டாலர் ஹோம்' என்ற சுருக்கம் இங்கே செல்லாது. '/ஹோம்/' என்று தொடங்கி முழுசா எழுதணும். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புது வெர்ஷன் போட்டு ஃபைல் பெயர் மாறினால், இந்த வரியையும் மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு முறையும் ஃபைலைப் பிரித்து ஓட்டுவதால், திறக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். முக்கியமான விஷயம், ஆப்இமேஜை அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். அனுமதி கொடுத்துவிட்டால், உங்கள் ஃபைல்களை எல்லாம் அதனால் தொட முடியும்.

அன்று சாயங்காலமே நண்பரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பத்திரிகை டிசைன் வந்தது. மெனுவிலிருந்தே திறந்தாராம்!