சதைத் துண்டும் போமலின் போத்தலும்

"கட்டியில இருந்து சதைத் துண்டு எடுக்கணும்" என்று டொக்டர் சொன்னால் நம்மட பெண்களுக்கு முதலில் வருவது பயம். ஊசி குத்தினால் நோய் உடம்பெல்லாம் பரவிடும் என்பது ஊர்ப்பேச்சு. அதற்கு ஆதாரமில்லை.

இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்புப் புற்றுநோய்தான். ஆனால் எல்லோருக்கும் அது ஒரே மாதிரியல்ல. சிலரின் கட்டியில் 'ஹெர் 2' என்னும் பரம்பரையலகு அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும். அவர்களுக்கு டிராஸ்டுசுமாப் என்ற மருந்து உதவும். மற்றவர்களுக்குக் கொடுத்துப் பயனில்லை. யாருக்கு எது என்று சொல்லுவது அந்தத் துண்டுதான்.

பிடித்த மீனை வெயிலில் வைத்தால் என்னவாகும் என்று கல்முனைக் கரையாருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. உடம்பை விட்டுப் பிரிந்த சதையும் அப்படித்தான். ஒரு மணித்தியாலத்துக்குள் அதை 10 வீத போமலினில் போட வேண்டும். 6 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 72 மணித்தியாலத்துக்கு மேற்படாமலும் ஊற வேண்டும் என்பது சர்வதேச விதி. குறைந்தால் போமலின் உள்ளே சரியாக ஏறாது. கூடினால் பரம்பரையலகுப் பொருளான டீ.என்.ஏ. உடைந்து போகும். அப்போது 'ஹெர் 2 இல்லை' என்று விடை வந்தால், மெய்யாகவே இல்லையா, துண்டு பழுதா என்று சொல்ல முடியாது. கிடைக்க வேண்டிய மருந்து கிடைக்காமலே போகலாம்.

சில வேளை போத்தலை வீட்டார் கையில் கொடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். "சம்பளம் எடுத்துப்போட்டுப் போவம்", "பெருநாள் கழியட்டும்" என்று வைத்திருக்க வேண்டாம். அன்றைக்கே கொண்டு போங்க. மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீங்க. மீன் கதை சொன்னதற்காக ஐஸ் பெட்டியிலும் போட்டுவிடாதீங்க, உறைந்தால் கலங்கள் உடையும். போமலின் நஞ்சு, பிள்ளைகளுக்கு எட்டக்கூடாது. பெயரும், எடுத்த திகதியும் நேரமும் போத்தலில் இருக்கா என்று பாருங்க.

பிறகு அத்துண்டை மெழுகில் பதித்து வைப்பார்கள். அதன் இலக்கத்தை கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்க. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு மாற்றி அனுப்பினால் அங்கே கேட்கக்கூடும்.

உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் நோய் வந்த குடும்பத்தில் பார்க்கும் பி.ஆர்.சி.ஏ. சோதனை வேறு. 1994இலும் 1995இலும் இனங்காணப்பட்ட இரண்டு பரம்பரையலகுகளைப் பார்ப்பது அது. அதற்குக் கட்டித் துண்டு தேவையில்லை, இரத்தம் போதும். இந்தக் கோளாறு வாப்பா வழியிலும் வரும். ஆகவே டொக்டர் குடும்ப விபரம் கேட்டால், வாப்பாட சகோதரிமாருக்கு வந்த நோயையும் மறைக்காமல் சொல்லுங்க.