மருந்துக்குப் பழகியது யார்?

பத்தாம் வகுப்பில் இயற்கைத் தேர்வை விளக்க நான் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு, நாயின் சிறுநீர்ப்பாதைத் தொற்று. நாய் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழிப்பதையோ, அதில் இரத்தம் கலந்திருப்பதையோ பார்த்த மாணவர் வகுப்புக்கு ஒருவராவது இருப்பார். "ஊசி போட்டும் கேட்கல சார், நாய்க்கு மருந்து பழகிடுச்சு" என்பார்.

நாயின் உடல் பழகவில்லை. இத்தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம், நாயின் குடலில் இயல்பாக வாழும் ஈ.கோலை பாக்டீரியா. அவற்றுள் சில, அமாக்சிசிலினைச் சிதைக்கும் பீட்டா லாக்டமேஸ் நொதிக்கான மரபணுவை ஏற்கெனவே பெற்றிருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றதும் இவை பெருகுகின்றன. சாதகமான சூழலில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். அந்த மரபணு பிளாஸ்மிடில் இருந்தால் பக்கத்துப் பாக்டீரியாவுக்கும் கைமாறும். 'மருந்துக்கேற்ப ஒவ்வொரு பாக்டீரியாவும் தன்னை மாற்றிக்கொண்டது' என்ற விடை லாமார்க்கின் ஒட்டகச்சிவிங்கிக் கதைதான். அதற்கு நான் முழு மதிப்பெண் தருவதில்லை.

இனி சிகிச்சை. மருந்தை ஊகத்தில் மாற்றிக்கொண்டே போனால் இன்னும் வலுவான எதிர்ப்புள்ளவையே மிஞ்சும். ஆகவே கால்நடை மருத்துவர் வயிற்றின் வழியே ஊசி செலுத்திச் சிறுநீர்ப்பையிலிருந்தே மாதிரி எடுக்கிறார். தரையில் விழுந்ததில் வெளிக்கிருமிகள் கலந்துவிடும். அதில் வளர்ந்த பாக்டீரியாவை அகார் தட்டில் பரப்பி, வெவ்வேறு மருந்து தோய்த்த சிறு வட்டத் தாள்களை வைத்து, ஓர் இரவு 35 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் தாளைச் சுற்றித் தெளிந்த வளையம் தோன்றும். இதைக் கரும்பலகையில் வரைந்து, எந்த மருந்து சிறந்தது என்று கேட்டால், எல்லாரும் பெரிய வளையத்தையே காட்டுவார்கள். ஆனால் மருந்துகள் அகாரில் ஒரே அளவில் பரவுவதில்லை. ஒவ்வொன்றின் வளையத்தையும் மில்லிமீட்டரில் அளந்து, அதற்கே உரிய அளவோடு ஒப்பிட வேண்டும். சிறிய வளையம் வெல்வதும் உண்டு! (பள்ளியில் பாக்டீரியா வளர்க்க வேண்டாம், படமே போதும்.)

தொற்று திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீர்ப்பைக் கல், நீரிழிவு போன்ற மூல காரணத்தைத் தேட வேண்டும். அதை விட்டுவிட்டு மாத்திரை கொடுப்பதில் பயனில்லை. மாணவர்களை வியக்க வைப்பது வேறொன்று: சிறுநீரில் பாக்டீரியா இருந்தும் நாய்க்கு எந்தத் தொல்லையும் இல்லையென்றால், பொதுவாக ஆன்டிபயாடிக் தரக் கூடாது என்கின்றன கால்நடை மருத்துவ வழிகாட்டுதல்கள். சாதாரணத் தொற்றுக்கும் 3 முதல் 5 நாள் மருந்தே போதும் என்கின்றன.

"அந்தக் கிருமி எங்களுக்கும் வருமா?" என்ற கேள்வி தவறாமல் வரும். ஒரே வீட்டில் நாயிடமும் மனிதரிடமும் ஒரே வகை ஈ.கோலை இருந்ததை ஆய்வுகள் கண்டுள்ளன. அது நம்மிடமிருந்து நாய்க்கும் போகலாம் என்றதும் வகுப்பு சற்று அமைதியாகிவிடும்.