தூளியில் ஆட்டலாம், தூங்க விடலாமா?

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பிறந்த பிள்ளை முதலில் கண்ணயர்வது பெரும்பாலும் தூளியில்தான். விட்டத்தில் கயிறு போட்டு, பழைய நூல் சேலையைக் கட்டி, துணி விரிந்திருக்கக் குறுக்கே தொட்டில் கம்பைச் செருகினால் போதும். பூரானுக்கும் எறும்புக்கும் எளிதில் எட்டாது. மீன் ஆய்கிற தாய் காலால் கயிற்றை இழுத்துக்கொண்டே வேலையைப் பார்க்கலாம். இதைப் பட்டிக்காட்டுப் பழக்கம் என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஆட்டி அமர்த்துவது வேறு, மணிக்கணக்கில் அதிலேயே உறங்க விடுவது வேறு.

பச்சைக் குழந்தைக்குத் தலை கனம், கழுத்து நிற்காது. துணி குழிந்து உடம்பு வளையும்போது தாடை நெஞ்சில் முட்டி, மெல்லிய மூச்சுக்குழல் அடைபடலாம். சத்தமே வராது என்பதால் அதே அறையில் இருப்பவருக்கும் தெரியாது. சேலை முகத்தோடு ஒட்டினாலும் மூச்சு முட்டும். முதல் ஆறு மாதம் கவனம் அதிகம் வேண்டும். குறைமாதப் பிள்ளை, எடை குறைந்த பிள்ளை என்றால் இன்னும் அதிகம்.

கடையில் விலை கொடுத்து வாங்கியது பத்திரமானது என்ற நம்பிக்கையும் சரியல்ல. அமெரிக்காவில் பிஷர்-பிரைஸ் நிறுவனம் விற்ற ‘ராக் அன் பிளே’ என்ற சாய்வுப் படுக்கையில் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 2019 ஏப்ரலில் சுமார் 47 லட்சம் படுக்கைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். 2022-ல் அங்கே 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளையும், தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்புகளையும் தடைசெய்து சட்டமே வந்தது. நம் ஊரில் சாய்வுப் படுக்கையும் மெத்தைக்கூடும் பிள்ளை பார்க்க வருகிறவர்கள் கையில் பரிசாக வருகின்றன.

பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி போன்ற ஊர்களில் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்பிரிங் தொட்டிலின் கொக்கியும் சங்கிலியும் சீக்கிரம் துருவேறும். நைலான் கயிறு வெயிலில் இற்றுப்போகும். கடலுக்குப் போகுமுன் படகுக் கயிற்றை இழுத்துப் பார்க்கிறவர்கள், தொட்டில் கயிற்றையும் அதே கருத்தோடு இழுத்துப் பார்க்க வேண்டும். தொழிலுக்கு உதவாத பழங்கயிறு தொட்டிலுக்கு வேண்டவே வேண்டாம்.

தூளியால் சாவது கைக்குழந்தை மட்டுமல்ல. வெறுந்தூளியில் ஏறி முறுக்கிச் சுற்றி விளையாடும்போது எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளின் கழுத்தைச் சேலை இறுக்கிய செய்தி தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது. படிக்கும்போதெல்லாம் வயிறு பதறுகிறது. குழந்தையை எடுத்ததும் சேலையை அவிழ்த்துவிடுங்கள். அப்புறம் கட்டிக்கொள்ள ஒரு நிமிடம்தான் ஆகும்.

ஆட்டுங்கள், பாடுங்கள், கண்ணயர்ந்ததும் எடுத்துத் தட்டையான, அமுங்காத படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். பாயில் துணியை இறுக்கமாக விரித்தாலே போதும். தலையணை, பொம்மை, கனத்த போர்வை வேண்டாம். கொசுவலை முகத்தில் படாமல் நிற்கட்டும். குடித்தவரும் புகைப்பவரும் குழந்தையின் பக்கத்தில் படுக்க வேண்டாம். பின்லாந்தில் அரசு தரும் அட்டைப்பெட்டியிலேயே குழந்தையைத் தூங்க வைக்கிறவர்கள் உண்டு. அடியில் தட்டையான சிறு மெத்தை, அவ்வளவுதான்.

இவ்வளவு கவனித்தும், கடையில் வாங்கிய தொட்டில் அறுந்தாலோ, கவிழ்ந்தாலோ, எச்சரிக்கைக் குறிப்பு இல்லாமல் விற்கப்பட்டிருந்தாலோ, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி தயாரித்தவரிடமும் விற்றவரிடமும் இழப்பீடு கேட்கலாம். பில்லையும், உடைந்த பொருளையும், படங்களையும், மருத்துவச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். கடைக்காரர் கேட்டாலும் பொருளை எழுத்துப்பூர்வ ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். இணையத்தில் வாங்கியிருந்தாலும், வெளியூரில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க உரிமை உண்டு. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போய்விட வேண்டும்.